எட்டு கஜம் கட்டாயமில்லை

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை. "எட்டு கஜக் கம்பளி கில்ட்தான் அசல், மற்றதெல்லாம் வேஷம்" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியில்லை. 1790களில் ஸ்காட்லாந்தில் தைத்த கில்ட்டுகளுக்குச் சுமார் நான்கு கஜத் துணிதான் போனது. எட்டு கஜம் பிறகு வந்த வழக்கம். அன்றாடத்துக்கு நான்கைந்து கஜமே போதும், சுமையும் குறையும்.

ஆனால் துணியின் கனத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி லேசான காற்றுக்கெல்லாம் அசையாது, மடிப்பும் நன்றாக நிற்கும். 13 அவுன்ஸ் பெரும்பாலான நாட்களுக்குச் சரி. 10 அவுன்ஸ் வெயிலுக்கு சுகம்தான், ஆனால் காற்றடித்தால் ஒரு கை அதைப் பிடிக்கவே வேண்டும்! அப்புறம் மழை: கம்பளி சாரலில் ஈரத்தை உள்வாங்கியும் கதகதப்பாக இருக்கும். பருத்தி கில்ட் நனைந்தால் சில்லென்று காலில் ஒட்டும், காயவும் நேரமாகும்.