5 கிலோ குறையலாம், 5 கிலோ கொழுப்பு குறையாது
"தினமும் 800 கலோரி மட்டும் சாப்பிட்டால் ஒரே வாரத்தில் 5 கிலோ கொழுப்பு கரையும்" என்று எடைக் குறைப்புக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கணக்கு இடிக்கிறதே! ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 5 கிலோ கரைய, நாளொன்றுக்கு 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். பெரும்பாலானோர் ஒரு நாளில் செலவழிப்பதே அதில் பாதிக்கும் குறைவு.

எடை சட்டென இறங்குவது மெய்தான். ஆனால் அதில் பெரும்பங்கு நீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) தீரும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் வெளியேறுகிறது. பழையபடி சாப்பிட்டதும் அந்த நீர் எடை திரும்பிவிடும்.

800 கலோரி உணவுமுறை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது. பித்தப்பைக் கல் உருவாகும் அபாயம் உண்டு. புரதத்தைக் குறைக்காமல் அன்றாட உணவில் 500 கலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரம் அரை கிலோ அளவில் குறையும்.