பக்‌ஷாட் தோட்டா போட்டால் குறி பார்க்கவே வேண்டாமா?

அமெரிக்காவில் ஷாட்கன்னால் மான் வேட்டையாடுவது பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: "பக்‌ஷாட் தோட்டா குண்டுகளை அகலமாகத் தூவும். மான் பக்கமாகச் சுட்டாலே போதும், விழுந்துவிடும்." இது தவறு, மானுக்குக் கொடுமையும்கூட.

12 கேஜ் (குழலின் அகல அளவு), டபுள்-ஆட் (குண்டின் அளவு) பக்‌ஷாட் தோட்டா ஒன்றில் வழக்கமாக 9 ஈயக் குண்டுகள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 8.4 மி.மீ. பொதுவான கணக்கு, போகும் தூரத்தில் ஒவ்வொரு கெஜத்துக்கும் குண்டுகள் ஒரு அங்குலம் விரியும் என்பது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி இது மாறும். அப்படிப் பார்த்தால் 10 கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். குறி தப்பினால் மொத்தமும் தப்பும். சரி, 40 கெஜத்தில்? ஒரு மீட்டர் வட்டத்தில் வெறும் ஒன்பது குண்டுகள். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ 20–25 செ.மீ. அகலம்தான். அதில் ஒன்றிரண்டு பட்டால் அதிகம். மற்றவை வயிற்றிலோ காலிலோ பட்டு, மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ மெல்லச் சாகும்.

ஒஹையோ மாநிலத்தில் மானுக்குப் பக்‌ஷாட் அனுமதியே இல்லை. ஒற்றைக் குண்டான ஸ்லக்தான். அதிலும் சாபாட் ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் வரும் குண்டு) என்றால் உள்ளே சுருள் வரியிட்ட குழல் வேண்டும். வழவழப்பான குழலில் அது சுழலாமல் தடுமாறும்.