கொக்கு எதைப் பார்த்துக்கொண்டு நின்றது?

குறுந்தொகை 25. கபிலர் பாட்டு, ஐந்தே அடி. 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று தொடங்கும். தலைவன் சொன்ன சொல் தவறினால் நான் என்ன செய்வேன், அவன் என்னைக் கூடிய அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகும், அதாவது கொக்கும், இருந்தது என்று தலைவி புலம்புகிறாள்.

இந்தப் பாட்டைப் பல வருஷம் வகுப்பில் நானே கெடுத்திருக்கிறேன். யார் கூற்று? என்ன திணை? கள்வன் என்றது யாரை? முதல் பெஞ்சு பட்டென்று பதில் சொல்லும், பாதி நேரம் நானே சொல்லிவிடுவேன். பத்து நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். இந்தக் கேள்விகள் தப்பில்லை, வாசல்படி மாதிரி. ஆனால் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டு வீட்டைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதற்கு மாற்று என்று இப்போது ஒரு கேள்வி வந்திருக்கிறது: "உங்களுக்கு என்ன தோணுது?" எனக்கு இதுவும் பிடிப்பதில்லை. கேட்க ஜனநாயகமாக இருக்கும். பாட்டைப் படிக்காதவனும் பதில் சொல்லலாம். நல்ல கேள்விக்கு என் கணக்கு எளிது. பதில் சொல்ல ஒருவன் திரும்பப் போய் அந்த அடியைப் படித்தாக வேண்டும். முடிந்தால் அதன் பதில் எனக்கும் உறுதியாகத் தெரியாமல் இருக்க வேண்டும்.

போன வருஷம் பி.காம். முதலாண்டு, பகுதி 1 தமிழ். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. "யாரும் இல்லைன்னு ஆரம்பிக்கிறா, குருகும் உண்டுன்னு முடிக்கிறா. ரெண்டு 'உம்'மும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். சும்மா நிற்பதுதான் இதில் கஷ்டம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து எழுதினார். தமிழ் வகுப்புக்கு மூன்று நொடி போதாது. நான் மனசுக்குள் இருபது வரை எண்ணினேன்.

பின்பெஞ்சுப் பையன் ஒருவன். வீட்டில் மீன்பிடித் தொழில். "சார், ஓடுற தண்ணியில மீன் பாக்குற கொக்கு கண்ண எடுக்காது. எடுத்தா மீன் போயிடும். அது இவங்கள பாத்திருக்கவே பாத்திருக்காது."

"அப்ப அது என்னடா சாட்சி?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"அதான்டா. இருந்த ஒண்ணும் பாக்கல."

இலக்கணக் குறிப்பில் 'யாரும்' என்பதற்கு 'முற்றும்மை' என்று எழுதி ஒரு மார்க் வாங்கிக்கொண்டு போகிற விஷயம் அங்கே ஒரு பெண்ணின் கதியாக மாறிவிட்டது. சரி, இத்தோடு முடிக்கலாம் என்று டஸ்டரை எடுத்தேன்.

ஜன்னலோரம் இருந்த மாணவி கையைத் தூக்கினாள். வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை.

"சார், கொக்கோட காலு தினைத்தாள் மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாள்ல. சின்னதா, பச்சையா. அவ்வளவு உத்துப் பாத்திருக்கா. அந்த நேரத்துல அவ ஏன் சார் கொக்குக் கால பாத்துட்டு இருந்தா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

"வெக்கமா இருக்கும்" என்று முன்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"வெக்கமா, பயமா?" என்றாள் இவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.