சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது

‘சிங்கப்பூருக்கு 200 சிகரெட் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம்’ என்று ஒருவர் தம் பதிவில் எழுதியிருப்பது தவறு. அது பிரிட்டன் போன்ற நாடுகளின் விதி. சிங்கப்பூரில் புகையிலைக்குச் சலுகையே இல்லை. பிரித்த பாக்கெட்டில் மிஞ்சிய ஒரே சிகரெட்டுக்கும் வரி உண்டு. சென்னை விமான நிலையத்தின் வரியற்ற கடையில் வாங்கினாலும் அப்படித்தான். அந்தச் சலுகை புறப்படும் ஊரோடு முடிந்துவிடுகிறது. இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். விமான நிலையச் சுங்கச் சோதனையில், வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று அதிகாரியிடம் தாமாகவே சொல்லி வரி கட்டுங்கள். சொல்லாமல், அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் அபராதம், வழக்கு வரை போகலாம். மின்சிகரெட்டையோ வரி கட்டியும் கொண்டுபோக முடியாது. அது அங்கே முழுத் தடை. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள், முதன்முறை பயணம் செய்பவர்களும் இதைப் படிக்கிறார்கள்.