பேய்கள் பக்கவாட்டில்தான் நடக்கும்: முராமாசா கேமைப் பற்றி

"அதென்ன, இன்னும் இடதும் வலதுமா ஓடுற கேமா?"

முராமாசா: தி டீமன் பிளேட் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இதுதான் முதல் கேள்வி. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மலை உச்சியில் ஏறி நின்று நாலு திசையும் பார்க்கிற கேம்களோடு வளர்ந்தவர்களுக்குப் பக்கவாட்டு கேம் என்றால் அந்தக் காலத்துச் சமாச்சாரம். மெஷினுக்குச் சக்தி போதாததால் அப்படிச் செய்தார்கள் என்ற எண்ணம். ஓவியம் நன்றாக இருக்கிறது, முப்பரிமாணத்தில் எடுத்திருந்தால் இன்னும் பிரமாதமாக இருந்திருக்கும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் கடைசிப் பேச்சைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. ஜப்பானியப் பேய்க்கதைகளைச் சொல்ல, பக்கவாட்டில் நகரும் கை ஓவியத்தைவிடப் பொருத்தமான வடிவம் கேம்களில் வேறு எதுவும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு முன்கதை. 2009 ஏப்ரலில் ஜப்பானில் நிண்டெண்டோ வீ கன்சோலுக்கு வந்த கேம் இது. 2013ல் 'முராமாசா ரீபர்த்' என்ற பெயரில் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்கக் கருவிக்கு வந்தது. செய்தவர்கள் ஒசாகாவைச் சேர்ந்த வெனிலாவேர். அதன் தலைவர் ஜார்ஜ் கமிதானி, உலகமே முப்பரிமாணத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த 1997ல், சேகா சாட்டர்ன் கன்சோலுக்குக் கையால் வரைந்த பக்கவாட்டு கேம் ஒன்றை இயக்கியவர். அன்றைக்குப் பிடித்த பிடிவாதத்தை அவர் இன்னும் விடவில்லை. அந்தப் பிடிவாதம் முழுசாகப் பலித்த இடம் முராமாசா என்று நான் நினைக்கிறேன்.

கதை நடப்பது கென்ரோகு காலம், அதாவது 1688 முதல் 1704 வரை. ஆட்சியில் இருப்பவர் சுனயோஷி, தோகுகாவா குடும்பத்தின் ஐந்தாவது ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர். மோமோஹிமே என்ற இளவரசியின் உடலுக்குள் ஜின்குரோ என்ற கொடூரமான வாள்வீரனின் ஆவி புகுந்துகொள்கிறது. இன்னொரு பக்கம் கிஸுகே என்ற நிஞ்சா. தான் யார் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது, தன்னை ஏன் துரத்துகிறார்கள் என்றும் தெரியாமல் ஓடுகிறான். இரண்டு கதைகளையும் தனித்தனியாக ஆட வேண்டும். மெல்லிய பெண்குரலில் ஒரு முரட்டு ஆணின் திமிர்ப்பேச்சு வரும்போது கேட்டுப் பாருங்கள், குரல் கொடுத்த சவாஷிரோ மியுகி அசத்தியிருக்கிறார். ஜப்பானுக்கு வெளியே விற்றபோதும் ஜப்பானியக் குரல்களை அப்படியே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் போட்டார்கள். நல்ல முடிவு.

சரி, வடிவத்துக்கு வருகிறேன்.

ஜப்பானில் எமாகி என்று படச்சுருள்கள் உண்டு. ஓரடி உயரம், பல மீட்டர் நீளம். அதை முழுசாக விரித்துச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. தரையில் வைத்து இடது கையால் விரித்துக்கொண்டே வலது கையால் சுருட்டுவார்கள். எந்த நேரத்திலும் கண் முன்னால் இருப்பது இரண்டு கை அகலத்துக்குள் அடங்கும் ஒரு துண்டு ஓவியம்தான். காட்சி வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்பது சுருளுக்குள் ஒளிந்திருக்கும். இந்தக் கலை 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே உச்சத்துக்குப் போய்விட்டது. கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான சுருள்களில் தவளைகளும் முயல்களும் மல்யுத்தம் செய்யும். இன்றைக்குப் பார்த்தாலும் அவை ஓடுவது போலவே இருக்கும்.

யோகாய் எனப்படும் பேய்பூதங்கள் கூட்டமாக உருவம் எடுத்ததும் இந்தச் சுருள்களில்தான். நூறு பேய்கள் இரவில் ஊர்வலம் போகும், எதிரே போனவன் தொலைந்தான் என்பது பழைய நம்பிக்கை. அந்த ஊர்வலத்தைக் காட்டும் 16ஆம் நூற்றாண்டுச் சுருள் ஒன்று கியோட்டோவின் தைதோகுஜி வளாகத்துக்குள் இருக்கும் ஷின்ஜுவான் என்ற சிறு கோயிலுக்குச் சொந்தமானது. அதில் பழைய பாத்திரங்கள், இசைக்கருவிகள் எல்லாம் கைகால் முளைத்து வரிசையாக நடக்கின்றன. நூறு வருஷம் ஆன பொருளுக்கு உயிர் வந்துவிடும் என்று நம்பிய காலம் அது. ஒவ்வொரு பேயையும் நாம் பக்கவாட்டிலிருந்துதான் பார்க்கிறோம். ஒன்று போய் அடுத்தது, அது போய் இன்னொன்று.

இப்போது முராமாசாவைப் பாருங்கள். மூங்கில் காடு, செம்மேப்பிள் மலை, பனி, கதிர் முற்றிய வயல் என்று காட்சி விரிந்துகொண்டே போகிறது. முன்னால் இருக்கும் புல் வேகமாக ஓடுகிறது, நடுவில் நீங்கள் ஓடுகிறீர்கள், தூரத்து மலை மெதுவாக நகர்கிறது, அதற்கும் பின்னால் அளவுக்கு மீறிய பெரிய நிலா. தனித்தனியாக வரைந்த அடுக்குகளைத் தனித்தனி வேகத்தில் நகர்த்துவதால் வரும் ஆழம் இது. பாத்திரங்களையும் கை, கால், உடை, முடி என்று துண்டு துண்டாக வரைந்து, மூட்டுகளில் இணைத்து அசைக்கிறார்கள். அதனால் மோமோஹிமே சும்மா நிற்கும்போதுகூட உடை காற்றில் அலைகிறது. திடீரென்று ஓட்டம் நிற்கிறது, எதிரிகள் நாலு பக்கமும் குதிக்கிறார்கள், வாள் மின்னுகிறது, மறுபடி ஓட்டம். சுருளை நிறுத்தி நிறுத்தி விரிக்கும் அதே தாளம்.

ரைஜின் வரும் இடம் இன்னும் அழகு. முதுகைச் சுற்றி வளையமாக மேளங்கள் கட்டிய இடிக்கடவுள். 17ஆம் நூற்றாண்டில் சோதாட்சு என்ற ஓவியர் தங்கத் தகட்டின் மேல் வரைந்த காற்றுக்கடவுள், இடிக்கடவுள் மடிப்புத் திரைகள் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற ஓவியங்களில் ஒன்று. கென்ரோகு காலத்து ஓவியர் ஓகதா கோரின் பிறகு அதை அப்படியே பார்த்து வரைந்தார். மேளத்தோடு ரைஜின் திரையை அடைத்து நிற்கும்போது நான் அடிக்க வேண்டிய பட்டனை மறந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதே ரைஜினை முப்பரிமாண உருவமாக்கி, சுற்றி வந்து முதுகைப் பார்க்க வைத்தால் என்ன கிடைக்கும்? மேளம் கட்டிய ஒரு பெரிய ஆள்.

கடல் அலைகளைப் பார்த்தால் ஓவியர் ஹொகுசாயின் கை தெரியும். ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை வந்தது 1830களின் தொடக்கத்தில், கேமின் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் பின்னால். வரலாற்றுப் பிழை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. பேய்க்கதை சொல்பவன் எந்தக் காலத்து ஓவியத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயருக்குரிய முராமாசாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவர் நிஜமான வாள் கொல்லர். 1500ஐ ஒட்டிய காலத்தில் இசே நாட்டின் குவானாவில், இன்றைய மியே மாவட்டத்தில், வேலை செய்தவர். அதே பெயரில் அவர் வழிவந்தவர்களும் வாள் அடித்தார்கள். 1535ல், தோகுகாவா ஆட்சியைத் தொடங்கிய இயயாசுவின் தாத்தா கியோயாசுவை அவருடைய ஆளே வெட்டிக் கொன்றான். அந்த வாள் முராமாசா என்பார்கள். இயயாசுவின் அப்பாவுக்கும் மகனுக்கும் நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி, முராமாசா என்றால் தோகுகாவா குடும்பத்தின் ரத்தம் கேட்கும் வாள் என்ற கதை வளர்ந்தது. கபுகி நாடக மேடை அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கியது. இந்த வாளே திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் எளிது. தோகுகாவாக்களின் ஊரான மிகாவாவுக்குப் பக்கத்தில்தான் இசே. அங்கத்திய வீரர்கள் பலரிடம் முராமாசா வாள்தான் இருந்தது, குடும்பத்துக்குள் நடந்த கொலைகளிலும் அதுவே வந்தது. அப்புறம், தோகுகாவா ஆட்சியைக் கவிழ்க்க நினைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அந்த வாள்களைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

கேம் இந்தக் கதையைச் சண்டை முறைக்குள்ளேயே கொண்டுவந்திருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இடுப்பில் எப்போதும் மூன்று வாள். தடுத்துக்கொண்டும் வித்தையைக் காட்டிக்கொண்டும் இருந்தால் வாளின் சக்தி வடிந்து உடைந்துவிடும். உறைக்குள் போட்டால் தானாக மீளும். அது மீளும் வரை அடுத்த வாளோடு சமாளிக்க வேண்டும். சரியான நேரத்தில் வாளை மாற்றி உருவினால் திரையில் இருக்கிற எல்லோரையும் ஒரே வீச்சு வெட்டிப்போடும். கொன்றவர்களின் ஆவிகளைத் திரட்டித்தான் புது வாள் அடிக்க முடியும், அடித்துத் தருவதும் முராமாசாவின் ஆவிதான். கொல்லக் கொல்ல வாள், வாள் கிடைக்கக் கிடைக்கக் கொலை. மொத்தம் 108 வாள்கள். மனிதனுக்கு 108 ஆசாபாசங்கள் என்பது பௌத்தக் கணக்கு. அதற்காகத்தான் ஆண்டின் கடைசி இரவில் ஜப்பானியக் கோயில்களில் மணியை 108 முறை அடிக்கிறார்கள். அந்த எண்ணை யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. அதனால்தான் அது அப்படி வேலை செய்கிறது.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி மட்டும் தனிப் பதிவு போடலாம். கிண்ணத்தில் சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸை வைத்தால் ஒவ்வொரு வாயாக நீங்களே சாப்பிட வேண்டும், ஆவி பறப்பது வரைக்கும் வரைந்திருக்கிறார்கள்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன, பெரிதாகவே. போன வழியிலேயே திரும்ப ஓட வைக்கிறார்கள். அதே மூங்கில் காட்டை இரவாக்கி, மஞ்சள் வெயிலாக்கி மறுபடி காட்டுகிறார்கள். சண்டையே வராமல் சும்மா ஓடும் நேரம் அதிகம். பெண்களின் உடலைக் கமிதானி குழு வரையும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை, வெந்நீர் ஊற்றுக் காட்சிகள் கதைக்கு எதையும் சேர்க்கவில்லை. நரி, தெங்கு என்ற மலைப்பேய், நரகம், மறுபிறவி எல்லாம் தெரிந்த ஆளுக்கே கதை முழுசாகப் புரியும். ஆனாலும் இவற்றில் எதுவும் பக்கவாட்டு வடிவத்தின் குறை இல்லை. ஆட்களும் நேரமும் பணமும் போதாத ஒரு சிறிய குழுவின் குறை.

வீட்டா பதிப்புக்குப் பின்னால் வந்த நான்கு டிஎல்சி கதைகள், அதாவது தனியாக இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கதைகள், மூலக் கேமைவிடச் செறிவானவை. அதில் கொன்பே என்ற உழவனின் கதையை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரிக்கொடுமையில் ஊரே பட்டினி. வாள் பிடிக்கத் தெரியாதவன் மண்வெட்டியும் அரிவாளும் மூங்கில் ஈட்டியுமாகக் கிளம்புகிறான், செத்துப்போன மனைவியின் ஆவியும் கூடவே வருகிறது. தோகுகாவாக்கள் ஆண்ட எடோ காலத்தில் இப்படி நிஜமாகவே நிறைய எழுச்சிகள் நடந்தன. சகுரா பகுதியின் ஊர்த்தலைவர் சோகோரோ, வரியைக் குறைக்கச் சொல்லி ஷோகனிடம் நேரடியாக மனு கொடுத்ததற்காக மனைவியோடு சிலுவையில் அறையப்பட்டார் என்று மரபு சொல்கிறது. பின்னாளில் மக்கள் அவரையே தெய்வமாகக் கும்பிட்டார்கள். சாமுராய்களையே சுற்றிச் சுற்றி வரும் கேம் உலகத்தில் ஓர் உழவனுக்கு இந்த இடத்தைக் கொடுத்ததற்காகவே வெனிலாவேரை மதிக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எங்கே வாங்குவது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை என்பதுதான் என் கோபம். கணினிக்கு வரவில்லை, நிண்டெண்டோவின் ஸ்விட்சுக்கு வரவில்லை, இன்றைய பிளேஸ்டேஷனுக்கும் வரவில்லை. வீ போயே போய்விட்டது. வீட்டா உற்பத்தி 2019ல் நின்றது. 2021ல் வீட்டாவின் இணையக் கடையையே மூடப்போவதாக சோனி அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. கடை மூடினால் கொன்பே கதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஐந்நூறு வருஷம் பழைய காகிதச் சுருளைக் கோயில்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன. 2009ல் வந்த கேமை இன்றைய கருவி எதற்கும் காசு கொடுத்து வாங்க வழியில்லை. ஜப்பானில் வெளியிட்டது மார்வெலஸ் நிறுவனம். அவர்கள் மனது வைத்தால் நான்கு டிஎல்சியும் சேர்த்து இன்றைய கருவிகளுக்குக் கொண்டுவர முடியும். வெனிலாவேரின் 13 சென்டினல்ஸ், யூனிகார்ன் ஓவர்லார்ட் எல்லாம் ஸ்விட்சில் நன்றாகவே ஓடின. கை ஓவியத்துக்கு இன்றும் வாங்க ஆள் இருக்கிறது என்று அவை காட்டிவிட்டன.

அதுவரை, பழைய வீட்டா யாரிடமாவது தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். முதலில் மோமோஹிமே கதையை எளிய முறையில் முடியுங்கள். அப்புறம் கிஸுகேவைக் கடினமான முறையில் ஆடுங்கள், தடுப்பதும் வாள் மாற்றுவதும் அப்போதுதான் கைக்கு வரும். கொன்பேயைக் கடைசிக்கு வையுங்கள். நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம். சகிமோதோ ஹிதோஷியின் பேசிஸ்கேப் குழு போட்ட இசையை அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்.