அமெரிக்க வருமான வரி வில்சன் தொடங்கியதா?

‘1913இல் பதவிக்கு வந்ததும் உட்ரோ வில்சன் அரசியலமைப்பையே திருத்தி, அமெரிக்கர்கள் மீது முதன்முறையாக வருமான வரியைச் சுமத்தினார்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

முதல் வருமான வரி உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக லிங்கன் காலத்திலேயே வந்து, 1872இல் முடிந்தது. 1894இல் மீண்டும் சட்டம் வந்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பைத் தாண்டத்தான் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் தேவைப்பட்டது. அதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டவர் வில்சன் அல்ல, அவருக்கு முந்தைய அதிபர் டாஃப்ட். 1909 ஜூனில் கேட்டார், ஜூலையில் காங்கிரஸ் நிறைவேற்றியது.

தேதியைப் பாருங்கள். இந்தத் திருத்தத்துக்குப் போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்த நாள் 1913 பிப்ரவரி 3. வில்சன் பதவியேற்றது மார்ச் 4. தவிர, அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அதிபரின் கையெழுத்தே தேவையில்லை. டாஃப்டைச் சீர்திருத்தத்தின் எதிரியாக மட்டுமே பேசிப் பேசி, அவர் பங்கை மறைத்துவிட்டோம் என்பது என் ஆதங்கம்.

வில்சன் செய்தது, அந்த அக்டோபரில் வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டது. அடிப்படை விகிதம் 1 சதவீதம். தனிநபருக்கு 3,000 டாலர் வரை விலக்கு. அன்றைய ஆலைத் தொழிலாளியின் ஆண்டுக் கூலி அதற்கு வெகு கீழே.