பக்கால் வேறு, பகல் வேறு

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக உள்பெட்டியில் வந்து விழும் வசவுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா மக்கள் நம் மயன் வழி வந்த தமிழர்கள்தான் என்று பேசிய பேச்சாளர், அவர்களுடைய பழைய கல்லறை ஒன்றின் கல்மூடியின் படத்தைத் திரையில் குறுக்காகப் போட்டு 'ராக்கெட்டில் போகும் மயன்' என்றதையும், அதில் இருக்கும் அரசரின் பெயரைப் பிடித்துக்கொண்டு 'பக்கால் என்பது நம்ம பகல்தான்' என்றதையும், அரங்கமே கை தட்டியதையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காணொளியின் கீழே நான் இரண்டு வரி எழுதினேன். அதை நீக்கிவிட்டார்கள். 'நீ தமிழனுக்குப் பிறந்தவன்தானா' என்று என்னைக் கேட்ட பதில்கள் மட்டும் பத்திரமாக அங்கேயே இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை முதலில் நிமிர்த்திப் பாருங்கள். அது நின்ற வாக்கில் பார்க்க வேண்டிய சிற்பம். குறுக்கே போட்டால்தான் ராக்கெட் தெரியும். நிமிர்த்தினால், மல்லாந்து சாய்ந்த ஓர் அரசர், அவருக்குக் கீழே பாதாளத்தின் எலும்புத் தாடை, மேலே சிலுவை போல் கிளை விரித்த உலக மரம், அதன் உச்சியில் ஒரு பறவை. இது மெக்சிகோவில் பலென்கே என்ற மாயா நகரத்தில், கல்வெட்டுக் கோயில் என்று அழைக்கப்படும் பிரமிடுக்கு அடியில் கிடைத்த கல்லறையின் மூடி. 1949இல் அல்பெர்டோ ரூஸ் என்ற தொல்லியலாளர் கோயில் தரையில் ஒரு பலகைக் கல்லில் ஓட்டைகள் இருப்பதைக் கவனித்தார். அதைத் தூக்கினால் கீழே படிக்கட்டு, முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தது. அதை அள்ளி அள்ளி வெளியே கொட்டி, 1952 ஜூனில்தான் அறைக்குள் போக முடிந்தது.

உள்ளே இருந்தவருக்குப் பெயர் இருக்கிறது. கினிச் ஹனாப் பக்கால். 603இல் பிறந்தார், 615இல் பன்னிரண்டு வயதில் பட்டம் ஏற்றார், 683இல் இறந்தார். அம்மா பெயர் சாக் குக். கல்லறைப் பெட்டியின் பக்கங்களில் அவருடைய முன்னோர்கள் கொக்கோ, அவகாடோ, கொய்யா மரங்களோடு மண்ணிலிருந்து முளைத்து வருகிறார்கள், அந்த அம்மாவும் அவர்களில் ஒருவர். யார் எப்போது இறந்தார்கள் என்று மூடியின் விளிம்பைச் சுற்றி எழுதியே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாகப் பெயரும் தேதியும் தாய் தகப்பனும் பொறித்துவிட்டுப் போன மனிதரைத்தான் ராக்கெட் ஓட்டியாக ஆக்கினார்கள்.

'பகல்' கதைக்கும் பதில் அந்த எழுத்திலேயே இருக்கிறது. பக்கால் என்றால் கேடயம். மாயா எழுத்தர்கள் அந்தப் பெயரைச் சில இடங்களில் ஒரு கேடயப் படமாகவே வரைந்திருக்கிறார்கள், சில இடங்களில் ப, க, ல என்று மூன்று அசையெழுத்துகளாக எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. சூரியன் அவர் பெயரில் இருப்பது 'கினிச்' என்ற சொல்லில்தான். அதற்கும் பகலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

'மயன் நம் இலக்கியத்தில் இல்லையா?' என்று கேட்கிறார்கள். இருக்கிறார். கோவலனும் கண்ணகியும் இருந்த கட்டிலையே மயன் செய்தது போன்ற கட்டில் என்றுதான் இளங்கோ சொல்கிறார். நம் தெய்வத் தச்சன் மயனை யாரும் பறிக்கவில்லை. ஆனால் பலென்கேயிலும் திக்கால் போன்ற மற்ற நகரங்களிலும் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தங்களை 'மாயா' என்று அழைத்துக்கொண்டதே கிடையாது. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பெயர், ஓர் அரச வம்சம். மாயா என்ற பொதுப் பெயர் பின்னாளில் வந்து ஒட்டியது. அவர்கள் மொழிகளும் நம்முடையதோடு ஒத்துப்போகவில்லை. மெக்சிகோவின் யுகாத்தான் பகுதி மாயா மக்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பதை ஹுன், கா, ஓஷ் என்பார்கள். கிச்சே என்ற இன்னொரு மாயா மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும், நமக்குக் கடைசியில். ஓசை ஒத்துப்போகும் ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு மக்களையே தத்து எடுப்பது நியாயமா?

ஹூஸ்டனில் நாங்கள் இருந்த நான்கு வருடமும் பக்கத்து வீட்டில் ஒரு கிச்சே குடும்பம் இருந்தது, குவாத்தமாலாவின் தொத்தோனிகப்பான் பக்கத்துக்காரர்கள். அந்த அக்கா சாயங்காலம் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டுக் கொதிக்கவைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுவார். எங்கள் ஆச்சியின் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை வரும். காலையில் இரண்டு கையாலும் கசக்கிக் கசக்கி அலசினால் தோல் வழுவழுவென்று கழன்று தண்ணீரில் மிதக்கும். அரைத்து ரொட்டி தட்டி முதல் ரொட்டியை என் மகனுக்குத்தான் கொடுப்பார். ஒருநாள் அரைத்துக்கொண்டே அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: முதலில் மண்ணால் மனிதனைச் செய்தார்கள், கரைந்துபோனான். மரத்தால் செய்தார்கள், அவனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை. கடைசியில் ஷ்முக்கனே பாட்டி மஞ்சள் சோளத்தையும் வெள்ளைச் சோளத்தையும் ஒன்பது முறை அரைத்துக் கொடுத்தாள், அதில்தான் நாம் ஆனோம் என்று. போபோல் வூ என்ற கிச்சே நூலில் இருக்கும் அதே கதை. எனக்கு அப்போது அது தெரியாது. பிறகு படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அவருடைய மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். உங்கள் பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகள்தான் கட்டினார்கள் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா என்னிடம் கேட்ட கேள்வியை மறக்கவே முடியாது: 'எங்க பாட்டனுக்குக் கல் அடுக்கத் தெரியாதா?'

ஞாயிற்றுக்கிழமை கை தட்டியவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியுமா?

'வெள்ளைக்காரன் எழுதிய வரலாற்றை நம்புகிறாய்' என்று ஒருவர் சொன்னார். ஐயா, நீங்கள் சொல்வதுதான் வெள்ளைக்காரன் சொன்ன கதை. காட்டுக்குள் இந்த நகரங்களைப் பார்த்த ஐரோப்பியர்களில் எத்தனையோ பேர், இவற்றை அங்கே வாழும் மக்களின் முன்னோர்கள் கட்டியிருக்கவே முடியாது என்றார்கள். எகிப்தியர் என்றார்கள், காணாமல்போன யூதக் குலங்கள் என்றார்கள், அட்லாண்டிஸ் என்றார்கள். ராக்கெட் கதையை 1968இல் புத்தகமாக எழுதிப் பரப்பியவரும் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர்தான். மாயா மக்களின் நூல்களை 1562இல் மானி என்ற ஊரில் குவித்துத் தீ வைத்தவர் தியேகோ தே லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு மாயா சுவடிகள். எரித்தது போக மிஞ்சிய எழுத்தை இத்தனை வருடம் உட்கார்ந்து படித்து, 'இவர் பக்கால், இது அவர் அம்மா' என்று சொல்ல முடிந்த நேரத்தில், நாமும் போய் 'இல்லை, அது எங்கள் ஆள்' என்றால் லாண்டா வைத்த தீயில் நாமும் ஒரு சுள்ளி போடுகிறோம். கடுமையான வார்த்தைதான். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

'இரண்டு இடத்திலும் படிக்கட்டுக் கோபுரம் இருக்கிறதே?' கல்லை உயரமாக அடுக்கினால் அடி அகலமாகத்தான் இருக்கும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

'தமிழனுக்கு ஒரு பெருமை, யாருக்கு என்ன நஷ்டம்?' இதைத்தான் பலரும் கேட்கிறார்கள், இதில்தான் எனக்கு வலி. மாயா மக்கள் மறைந்துபோனவர்கள் இல்லை. இன்றும் பல லட்சம் பேர் முப்பது மொழிகள் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று உண்மை அறியும் ஆணையம் 1999இல் சொன்னது. ஊரோடு எரித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு மாமன்மார் திரும்பி வரவே இல்லை. நிலத்தையும் உயிரையும் இழந்தவர்களிடம் மிச்சம் இருப்பது 'இது எங்கள் பாட்டன் கட்டியது' என்ற ஒரு சொல்தான். அதையும் கேட்கிறோமே, நாம், ஈழத்தைப் பார்த்து அழுத நாம்!

நாளைக்கே யாராவது கீழடிக்கு வந்து, 'இந்தச் செங்கல் சுவரைத் தமிழன் கட்டியிருக்க மாட்டான், வேறு யாரோ வந்து கட்டிக் கொடுத்தார்கள்' என்றால் விடுவோமா? நான் விட மாட்டேன். முதல் ஆளாகச் சண்டைக்கு நிற்பேன். கீழடி அறிக்கைக்காக இதே பக்கத்தில் எத்தனை பதிவு எழுதியிருக்கிறேன் என்று என்னைத் திட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அப்போது பகிர்ந்தவர்களே அவர்கள்தான். அந்தக் கைகளே இப்போது என்னைத் துரோகி என்று தட்டச்சு செய்கின்றன. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அமைப்பாளர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம், விவாத மேடை வேண்டாம். நீக்கிய பின்னூட்டத்தைத் திரும்பப் போடுங்கள். மறந்திருந்தால் இதோ:

'படத்தில் இருப்பவர் பலென்கே அரசர் பக்கால், 603இல் பிறந்து 683இல் இறந்தவர். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.'